சாம்பல் நிறத் திட்டு: குலசேகரத்து இளைஞர் ஒருவரின் பனிச்சறுக்கு விபத்து குறித்த நிகழ்வு ஆய்வு

கடந்த ஆண்டு பிப்ரவரியில் கன்னியாகுமரி மாவட்டத்தின் மலையோரப் பகுதியிலிருந்து ஆறு இளைஞர்கள் பனிச்சறுக்குப் பழகுவதற்காக உத்தராகண்ட் மாநிலத்தின் அவுலிக்குச் சென்றார்கள். அவர்களில் ஒருவர் பயிற்சியின் நான்காம் நாள் காலையில் இறுகிக் கிடந்த பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து, இடது முழங்காலின் ஏ.சி.எல். என்னும் தசைநார் அறுந்த நிலையில் ஊர் திரும்பினார். புறப்படுவதற்கு முன் ஆறு வார காலம் அவர்களுக்கு உடற்பயிற்சியும் அடிப்படைப் பாடமும் சொல்லிக்கொடுத்தவன் நான். ராணுவத்தில் இருந்தபோது காஷ்மீரின் குல்மர்க்கில் சறுக்கப் பழகி, பல குளிர்காலங்களை அந்தச் சரிவுகளில் கழித்தவன் என்பதால்தான் அவர்களுடைய பெற்றோர் என்னை நம்பினார்கள். ஆகவே இந்த விபத்தில் எனக்கும் பங்கு உண்டு. அதை மறைத்துவிட்டு எழுதினால் இந்த ஆய்வுக்குப் பொருள் இல்லை. அந்த இளைஞரின் சம்மதத்துடன், அவருடைய பெயரைத் தவிர்த்து, நண்பர் ஒருவர் கைப்பேசியில் எடுத்த காணொளி, வாடகைக்கு வாங்கிய சறுக்குப்பலகைகளின் படங்கள், அவரும் உடன் சென்றவர்களும் சொன்ன விவரங்கள் ஆகியவற்றைக் கொண்டு இதைத் தொகுத்திருக்கிறேன்.

அவருக்கு வயது 26. குலசேகரத்தை அடுத்த ரப்பர் தோட்டப் பகுதியில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய தந்தை பால்வெட்டுத் தொழிலாளி. பள்ளிப் பருவத்திலிருந்தே விடியற்காலையில் தந்தையுடன் சென்று, சேகரித்த ரப்பர் பாலை வாளியில் சுமந்து, மழையில் ஊறிய செம்மண் சரிவில் இறங்கிப் பழகியவர். அந்தச் சரிவில் இறங்குவதற்கு ஒரு முறை உண்டு. குதிகாலை மண்ணில் ஊன்றி, முதுகை மேட்டின் பக்கம் சாய்த்து, வழுக்கினால் அப்படியே உட்கார்ந்துவிட வேண்டும். பாசி பிடித்த திற்பரப்பு அருவிப் பாறையிலும் எங்கள் பிள்ளைகள் இப்படித்தான் இறங்குகிறார்கள். இந்த முறை அவரை இருபது ஆண்டுகளாகக் காப்பாற்றியிருக்கிறது. அவுலியில் அவரை வீழ்த்தியதும் இதே முறைதான் என்பதே என் முடிவு. இந்த ஆய்வில் நான் சொல்ல வருவதில் பெரும்பகுதி இதைச் சுற்றியே அமைகிறது.

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாகர்கோவிலில் ரயில் ஏறி டெல்லி சென்று, ரிஷிகேஷிலிருந்து சுமார் 250 கிலோமீட்டர் மலைப்பாதையில் ஜோஷிமட்டை அடைந்து, அங்கிருந்து ஜீப்பில் மேலே ஏறினார்கள். அவுலியின் சரிவுகள் ஏறத்தாழ 2,500 முதல் 3,050 மீட்டர் உயரம் வரை பரந்துள்ளன. எதிரே 7,816 மீட்டர் உயர நந்தாதேவி நிற்கிறது. முதல் நாளில் புதிதாக விழுந்த மென்பனி இருந்தது. எல்லோரும் பலமுறை விழுந்தார்கள், யாருக்கும் அடிபடவில்லை, எல்லோருக்கும் துணிச்சல் வந்தது.

மூன்றாம் நாள் இரவு அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "சாரே, இங்க நல்ல பனி கெடக்கு. நாளைக்கு வெள்ளனவே எறங்கப் போறோம்" என்றார். நான் மகிழ்ச்சியோடு, "சந்தோஷம் மக்கா, பாத்துப் போங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். இப்போது அந்த உரையாடலை நினைக்கும்போது, நம் பேச்சில் உள்ள ஒரு சொல் எங்கள் இருவரையும் ஏமாற்றிவிட்டது என்று தோன்றுகிறது. மார்கழி விடியலில் புல்லின் நுனியில் நிற்பதும் நமக்குப் பனி, மலையை மூடும் மூட்டமும் பனி, இமயத்தில் பஞ்சு போல் விழுவதும் பனி, அது உருகி மீண்டும் உறைந்து கல்லாகிக் கிடப்பதும் பனிதான். பனியோடு பிறந்து வாழ்பவர்கள் இவற்றைப் பிரித்தே பேசுவார்கள். "எந்தப் பனி? கையிலுள்ள ஊன்றுகோல் அதற்குள் இறங்குகிறதா, இறங்கவில்லையா?" என்ற ஒரு கேள்வியை நான் அன்று கேட்டிருக்க வேண்டும். முன்னிரண்டு நாட்களிலும் பிற்பகல் வெயில் கடுமையாக அடித்ததையும், இரவில் வானம் மேகமின்றி இருந்ததையும் அவர் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். அந்த இரண்டையும் கேட்ட பிறகும் மறுநாள் காலையில் சரிவு எப்படி இருக்கும் என்பதை நான் ஊகிக்கத் தவறினேன்.

காரணம் எளிமையானது. புதிதாக விழுந்த பனியில் பெரும்பகுதி காற்றுதான். ஒரு கன மீட்டர் புதுப்பனி பெரும்பாலும் 100 கிலோ அளவுக்குத்தான் எடை இருக்கும், ஆனால் அதே கன அளவுள்ள பனிக்கட்டியின் எடை 917 கிலோ. பகல் வெயிலில் மேற்பரப்பு உருகி, அந்த நீர் பனித்துகள்களின் இடைவெளிகளில் இறங்குகிறது. மேகமற்ற இரவில் பனிப்பரப்பு தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, அந்த நீரையும் சேர்த்து உறைந்துவிடுகிறது. நாள் முழுவதும் மனிதர்கள் சறுக்கி மிதித்து அழுத்திய இடங்களில், குறிப்பாக எல்லோரும் திரும்பும் குறுகிய வளைவுகளில், மேலிருந்த மென்பனி சுரண்டப்பட்டு ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருக்கும். அங்கே அடிப்பகுதி சாம்பல் நிறத்தில், சில இடங்களில் நீலம் கலந்த பளபளப்புடன் தெரியும். காலை எட்டரை மணிக்கு அவர்கள் இறங்கிய சரிவு இப்படித்தான் இருந்தது. பதினொரு மணிக்குள் வெயில் பட்டு இளகியிருக்கக்கூடிய சரிவு அது.

காணொளியில் தெரிவது

காணொளி நாற்பது விநாடிக்கும் குறைவானது. நான் அதை நிறுத்தி நிறுத்திப் பலமுறை பார்த்தேன். தொடக்கத்தில் அவர் சரிவுக்குக் குறுக்காகச் செல்கிறார். மேடு அவருக்கு வலப்பக்கம், பள்ளம் இடப்பக்கம். பலகைகளின் முன்முனைகள் நெருங்கி, பின்முனைகள் அகன்று, தொடக்கநிலையாளர்கள் பழகும் ஆப்பு வடிவில் இருக்கின்றன. வேகம் அதிகமில்லை. முன்னே ஒரு பெரிய அறையின் அகலத்துக்கு ஒரு சாம்பல் நிறத் திட்டு வருகிறது. அதற்கு முன் ஒலி மாறுகிறது: அதுவரை மாவைச் சலிப்பது போல் கேட்ட சத்தம் தகரத்தைச் சுரண்டுவது போல் ஆகிறது. அந்த ஒலியைக் கேட்டதும் அவர் தலை குனிந்து தம் பலகைகளைப் பார்க்கிறார். அந்தக் கணத்தில் இடுப்பு பின்னால் போகிறது, முழங்கால்கள் மடிகின்றன, வலது கை பின்புறமாக மேட்டை நோக்கி நீள்கிறது. செம்மண் சரிவில் வாளியோடு வழுக்கும்போது அவர் உடல் எப்படி நடந்துகொள்ளுமோ, இம்மி பிசகாமல் அப்படியே நடந்துகொள்கிறது.

உடல் மேட்டின் பக்கம் சாய்ந்ததும் கீழ்ப்புறப் பலகையின் மேல் இருந்த அழுத்தம் குறைகிறது. அதன் எஃகு விளிம்பு பனிக்கட்டியைக் கடிக்க முடியாமல் பலகை வெளியே நழுவுகிறது. இதுவரை நடந்தது வெறும் வழுக்கல். இந்த நிலையில் அவர் உட்கார்ந்து, வழுக்கல் அதோடு நின்றிருந்தால்கூடப் பெரிய காயம் ஏற்பட்டிருக்காது. ஆனால் திட்டு முடியும் இடத்தில் சுரண்டித் தள்ளப்பட்ட மென்பனி ஒரு வரப்பு போல் குவிந்திருந்தது. நழுவிச் சென்ற இடது பலகையின் பின்முனை, உள்விளிம்பு கீழே இருக்கும்படி அந்த வரப்பில் பதிந்து பிடித்துக்கொண்டது. இடுப்பு முழங்காலுக்குக் கீழே, எடை முழுவதும் பலகையின் பின்பகுதியில். பலகை உட்புறமாக வளைந்து ஓட, உடல் வேறு பக்கம் செல்ல, நடுவில் முழங்கால் முறுக்கப்பட்டது. "டப்" என்று உள்ளுக்குள் ஒரு சத்தம் கேட்டதாக அவர் சொல்கிறார்.

பின்னால் விழுந்தவர் முதுகு தரையில் பட ஏறத்தாழ இருபது மீட்டர் வழுக்கிச் சென்றார். வழுக்கும்போதே எழுந்து நிற்க இருமுறை முயன்றார். அதை என்னால் பதறாமல் பார்க்க முடியவில்லை, ஏனெனில் இன்னொரு முழங்காலும் அதே விதமாக முறுக்கப்பட அது போதுமானது. நல்வாய்ப்பாக மென்பனியில் கால் பதிந்து நின்றார். ஹெல்மெட் அணிந்திருந்தார், தலையில் அடி இல்லை. தாமே நடந்து கீழே வந்தார், வலி குறைவாக இருந்தது, "சுளுக்கு" என்று நினைத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் முழங்கால் வீங்கிப் பூசணிக்காய் போல் ஆனது. அடிபட்டவுடன் ஓரளவு நடக்க முடிவதும், சில மணி நேரத்தில் உள்ளே இரத்தம் தேங்கி வீங்குவதும் இந்தத் தசைநார் அறுந்ததற்குப் பொதுவான அடையாளங்கள். நாகர்கோவிலில் எடுத்த எம்.ஆர்.ஐ. பரிசோதனை அதை உறுதிசெய்தது.

இவ்வகை முறுக்கலைப் பனிச்சறுக்கு உலகம் நெடுநாளாக அறிந்திருக்கிறது. பலகையின் பின்பகுதி, நம் பாதத்துக்கு எதிர்த்திசையில் நீண்ட இன்னொரு பாதம் போல் நெம்புகோலாகச் செயல்படுவதால் இதை "மாயப் பாதம்" என்ற பொருளில் அழைக்கிறார்கள். கார்ல் எட்லிங்கர், ராபர்ட் ஜான்சன், ஜாஸ்பர் ஷீலி ஆகியோரின் ஆய்வு 1995இல் வெளிவந்தது. விபத்துக் காணொளிகளைக் காட்டி, ஆபத்தான உடல்நிலையை அடையாளம் காணப் பயிற்றுவித்தபோது, பயிற்சி பெற்ற சறுக்குமையப் பணியாளர்களிடையே கடுமையான முழங்கால் காயங்கள் 62 விழுக்காடு குறைந்தன. புதிய கருவி எதுவும் இல்லாமல், பார்த்துப் புரிந்துகொண்டதாலேயே இவ்வளவு குறைந்தது என்பதை நான் மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்க்கிறேன். அந்த ஆறு வாரத்தில் ஒரு மாலையை நான் இதற்கு ஒதுக்கியிருக்கலாம்.

விளிம்பும் பூட்டும்

வாடகைப் பலகைகளின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எஃகு விளிம்பின் நெடுகிலும் பழுப்புத் துரு. காலுக்கு நேர்கீழே, பிடிமானம் மிகவும் தேவைப்படும் இடத்தில், முனை மழுங்கி உருண்டிருந்தது. பனிக்கட்டியில் பலகையை நிறுத்துவது அந்த விளிம்பு ஒன்றுதான். 1926இல் ஆஸ்திரியாவின் ருடால்ஃப் லெட்னர் மரப்பலகையின் ஓரத்தில் எஃகுத் துண்டுகளைத் திருகாணியால் பொருத்தும் முறையைக் கண்ட பிறகே இறுகிய சரிவுகளில் நம்பிக்கையோடு திரும்புவது சாத்தியமானது. விளிம்பு கூராக இருக்கிறதா என்று பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். கட்டைவிரல் நகத்தின் மேற்புறத்தை விளிம்பின் குறுக்கே மெதுவாக இழுத்தால், கூரான விளிம்பு நகத்திலிருந்து மெல்லிய வெண்தூளைச் சீவி எடுக்கும். மழுங்கிய விளிம்பு வழுக்கிப் போகும். பால்வெட்டுக் கத்தியை ஒவ்வொரு நாளும் தீட்டிப் பார்க்கும் வீட்டில் பிறந்த பிள்ளை அவர். இதை ஒருமுறை காட்டியிருந்தால் மறந்திருக்கவே மாட்டார். நான் காட்டவில்லை, வாடகைக் கடையில் எல்லாம் சரியாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

பூட்ஸைப் பலகையோடு இணைக்கும் பைண்டிங் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எவ்வளவு விசையில் அது கழன்று காலை விடுவிக்க வேண்டும் என்பதை எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், சறுக்குபவரின் திறன் ஆகிய ஐந்தையும் கணக்கிட்டே அமைக்க வேண்டும். அந்தக் கடையில் அவருடைய காலணி அளவை மட்டுமே கேட்டிருக்கிறார்கள். இது பெரும் தவறு. கேட்காவிட்டால் நாமே சொல்லிச் சரிசெய்யச் சொல்ல வேண்டும். ஆயினும் முழுப் பழியையும் அதன் மேல் சுமத்துவது நேர்மையாகாது. பொதுவாகப் புழக்கத்தில் உள்ள பைண்டிங், முன்பக்கம் பக்கவாட்டு முறுக்கத்துக்கும் குதிகாலில் முன்னோக்கிய விழுதலுக்கும் கழலும்படி அமைந்தது. காலின் முறிவைத் தடுப்பதற்காக உருவான அமைப்பு அது. பின்னால் உட்கார்ந்த நிலையில் பலகையின் பின்முனையிலிருந்து வரும் முறுக்கத்தை அது சரியாக உணர்வதில்லை. மிகச் சரியாக அமைத்திருந்தாலும் இந்த முழங்கால் தப்பியிருக்கும் என்று என்னால் உறுதி கூற முடியாது.

அந்தத் திட்டை எப்படிக் கடந்திருக்க வேண்டும்

முதலில், அந்த நேரத்தில் அங்கே இறங்கியிருக்கக் கூடாது. சரிவில் கால் வைத்ததும் ஊன்றுகோலின் முனையைப் பனியில் குத்திப் பார்க்க வேண்டும். இரண்டு விரற்கடை இறங்கினால் இறங்கலாம். "டக்" என்று கல்லில் பட்டது போல் தெறித்தால் வெயில் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாத நிலையில், சுரண்டப்பட்ட பனி சேர்ந்திருக்கும் ஓரங்களைத் தேர்ந்துகொண்டு, திரும்புதல்களை அந்த வெண்மையான இடங்களில் வைத்துக்கொள்ள வேண்டும்.

திட்டு தவிர்க்க முடியாததாக இருந்தால், வேகத்தை அதற்கு முன்பே குறைத்துவிட்டு, திட்டின் மேல் எதையும் செய்யாமல் இருப்பதே முறை. அங்கே திரும்பவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. பலகைகளை ஏறக்குறையத் தட்டையாக விட்டு, அவை சற்று நழுவினாலும் நழுவட்டும் என்று அமைதியாக நின்று, கண்ணைத் திட்டுக்கு அப்பாலுள்ள வெண்பனியில் வைத்துக் கடந்துவிட வேண்டும். பதற்றத்தில் விளிம்பை வெடுக்கென்று அழுத்துபவருக்குப் பிடிமானம் ஒரு நொடி கிடைத்து உடனே உடையும். பலகை தடதடவென்று அதிரும். அழுத்தம் மெல்ல மெல்ல ஏற வேண்டும். ஆப்பு வடிவமும் இங்கே கைகொடுக்காது, ஏனெனில் இரு பலகைகளும் பாதி அழுத்தத்தோடு, பாதி சாய்வோடு, ஒன்றையொன்று எதிர்த்துக்கொண்டு நிற்கின்றன. எந்த விளிம்புக்கும் முழு எடை கிடைப்பதில்லை.

நிற்கும் முறைதான் எல்லாவற்றிலும் கடினமானது, ஏனெனில் அது அச்சத்துக்கு எதிரானது. முழங்காலுக்குக் கீழே காலின் முன்பகுதி பூட்ஸின் நாக்கில் அழுந்தி இருக்க வேண்டும். இரு கைகளும் பார்வைக்குள், முன்னால். எடையின் பெரும்பகுதி கீழ்ப்புறக் காலில். முழங்காலும் இடுப்பும் மேட்டை நோக்கிச் சாய, தோள்கள் மட்டும் பள்ளத்தின் பக்கம் சாய்ந்து, உடல் இடுப்பில் ஒரு வளைவு கொள்ள வேண்டும். அப்போதுதான் விளிம்பு பனியை நோக்கிச் சாய்ந்து நிற்கும், அதன் மேல் எடையும் நேராக இறங்கும். மேட்டைக் கட்டிக்கொண்டு நிற்பவர் விழுவார். மேட்டை விட்டு விலகிப் பள்ளத்தின் பக்கம் தோளைக் கொடுப்பவர் நிற்பார். ரப்பர் தோட்டத்துச் சரிவு கற்றுத்தந்ததற்கு இது நேர் எதிர் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் முன்பாக, முதல் நாளிலேயே பழக வேண்டியது பக்கச் சறுக்கல். பலகைகளைச் சரிவுக்குக் குறுக்காக வைத்து நின்று, முழங்கால்களைப் பள்ளத்தின் பக்கம் சிறிது தளர்த்தினால் விளிம்பு விடுபட்டுப் பலகைகள் பக்கவாட்டில் கீழே வழுக்கும். முழங்கால்களை மீண்டும் மேட்டின் பக்கம் உருட்டினால் விளிம்பு பிடித்து நிற்கும். விடுவது, பிடிப்பது, விடுவது, பிடிப்பது. இது தெரிந்தவர் திரும்பத் தெரியாவிட்டாலும் எந்தப் பனிக்கட்டிச் சரிவிலிருந்தும் நின்று நின்று இறங்கிவிடலாம். அவர்களுடைய பயிற்சியாளர் இதை ஒரு பத்து நிமிடம் காட்டிவிட்டு நகர்ந்துவிட்டதாகச் சொல்கிறார்கள்; நானும் வலியுறுத்தவில்லை.

சமநிலை தவறிவிட்டால், பின்னால் சாய்ந்த நிலையிலிருந்து மீள முயலக் கூடாது. கைகளை முன்னே கொண்டுவந்து, கால்களைச் சேர்த்து, முழங்கால் மடிந்தபடியே பக்கவாட்டில் விழுந்துவிடுவது நல்லது. வழுக்கும்போது பலகைகள் கழலாமல் இருந்தால் அவற்றை உடலுக்குக் கீழே, சரிவுக்குக் குறுக்காகக் கொண்டுவந்து மெதுவாக விளிம்பை ஊன்ற வேண்டும். பலகைகள் கழன்றுவிட்டால் குப்புறப் புரண்டு, தலை மேட்டின் பக்கம் இருக்கும்படி, கைகளால் மார்பைத் தரையிலிருந்து உயர்த்தி, பூட்ஸின் முனைகளைப் பனியில் அழுத்த வேண்டும். முழுவதுமாக நிற்கும்வரை எழக் கூடாது.

வீட்டு வாசலில்

அவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. தொடையின் பின்புறத் தசைநாணிலிருந்து எடுத்து மாற்றுத் தசைநார் வைத்தார்கள். இயன்முறைப் பயிற்சி மாதக்கணக்கில் நடந்தது. அந்த மாதங்களில் நான் என் பாடத்தை மாற்றினேன். என் வீட்டு வாசலில் வண்டி ஏறுவதற்கான சிமெண்டுச் சரிவு ஒன்று இருக்கிறது. அதில் பக்கவாட்டாக நின்று தோளைப் பள்ளத்தின் பக்கம் கொடுக்கச் சொன்னால், ஒருவருக்கும் வரவில்லை; எல்லோரும் மேட்டைப் பார்த்தே சாய்ந்தார்கள். ஒருநாள் அவருடைய தந்தை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணே, மேட்டுப் பக்கத்துக் கையில வாளிய குடுங்க. ஒடம்பு தானா மத்தப் பக்கம் சாயும்" என்றார். பாதி தண்ணீர் நிரப்பிய வாளியை மேட்டுப் பக்கக் கையில் கொடுத்துப் பார்த்தேன். எடையை ஈடுகட்ட உடல் பள்ளத்தின் பக்கம் வளைந்தது, கீழ்க்காலில் பாரம் இறங்கியது. ஆறு வாரத்தில் என்னால் விளக்க முடியாததை அந்த வாளி ஒரு நிமிடத்தில் விளக்கியது. பிறகு கொத்தனார் ஒருவரிடம் தூக்குக்குண்டு வாங்கி வந்து, கீழ்ப்புறத் தோளிலிருந்து தொங்கவிட்டு, நூல் கீழ்ப்புறப் பாதத்தின் வெளி ஓரத்துக்கு நேராக வருகிறதா என்று பார்க்கத் தொடங்கினோம். நூலைப் பிடித்தவர் அடிபட்ட அந்த இளைஞர்தான்.

இந்த ஜனவரியில் ஐந்து பேர் கொண்ட இரண்டாம் குழு அவுலிக்குச் சென்றது. அவர் போகவில்லை, மருத்துவரும் அவருடைய தாயும் இன்னும் ஒரு குளிர்காலம் பொறுக்கச் சொல்லியிருந்தார்கள். குழுவினர் புறப்படும் முன் நகத்தால் விளிம்பைச் சோதிப்பதையும், விளிம்பு தீட்டும் சிறு கல்லைப் பயன்படுத்துவதையும், எடையும் உயரமும் சொல்லி பைண்டிங்கைச் சரிசெய்யக் கேட்பதையும் அவரே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு அவர்களில் ஒருவர் அழைத்தபோது அவர் என் வீட்டில்தான் இருந்தார்.

"சாரே, இன்னைக்குப் பனி இல்ல, ஐஸ்தான் கெடக்கு."

நான் பதில் சொல்வதற்குள் அவர் கைப்பேசியை வாங்கினார். "ஊன்றுகோலு எவ்வளவு எறங்குது?"

"எறங்கவே இல்லண்ணே. டக்குன்னு தெறிக்குது."

"அப்ப டீ குடிச்சிட்டு இருங்க. பத்தரைக்கு மறுபடியும் குத்திப் பாத்துட்டுக் கூப்பிடுங்க."